நிழல் விழாத தண்ணீர்

உயர் நீதிமன்றத்தில் கல்மேட்டு வழக்கின் தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், தனகோட்டி பஸ் ஸ்டாண்டு வால்வுக் குழிக்குள் இடுப்பளவு இறங்கி நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். பனப்பேடு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவளுக்கு. பதினொரு வருடமாக அதே வேலை, அதே நீளச் சாவி. வீட்டு அட்டையைக் காட்டினால்தான் திறக்கிற குழாய் வந்துவிட்டது, எந்த வீடு எந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று சொட்டு விடாமல் எழுதிக்கொள்கிற கருவி வந்துவிட்டது. வால்வைத் திருகுவதற்கு மட்டும் இன்னும் ஒரு மனுஷி குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது.

போன் அடித்தது. வக்கீல் எஸ்தர். கல்மேட்டுப் பெண்தான், தனகோட்டியின் அண்ணன் மகள்.

"அத்தே, தீர்ப்பு வந்துடுச்சு."

"தோத்துட்டமா?"

"தோத்துட்டோம்னு சொல்ல முடியாது. ஜெயிக்கல."

"ஏண்டி, வக்கீலுக்குப் படிச்சா வாய் இப்படித்தான் கோணிக்குமா? ஒண்ணு இது, இல்லாட்டி அது."

"சனிக்கிழமை வரேன் அத்தே. கூடத்துல எல்லாரையும் உக்கார வை. நேர்ல சொன்னாத்தான் புரியும்."

வழக்கு இதுதான். கல்மேடு பனப்பேட்டின் கிழக்கு ஓரத்துச் சேரி. நானூற்றுப் பன்னிரண்டு வீடு. எல்லா வீடும் ஒரே வார்டு, பதினாலாவது வார்டு என்றிருந்த காலமெல்லாம் நகர மன்றத்தில் கல்மேட்டு ஆள் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருப்பார். இப்போது இருப்பவர் அருமைநாதன். அவர் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லைதான். ஆனால் ஊர்க் குப்பையை எரிக்கிற ஆலையைக் கல்மேட்டுக்குப் பின்னாலிருக்கிற புறம்போக்கில் வைக்கலாம் என்று மூன்று தடவை தீர்மானம் வந்தது. மூன்று தடவையும் மேசையைத் தட்டிக் கத்தி, வெளியே ஆள் திரட்டி நிறுத்தியவர் அவர். இந்த வருடம் வார்டுக் கோடுகளைப் புதிதாகப் போட்டார்கள். கல்மேடு மூன்று துண்டாகி மூன்று வார்டுகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எந்த வார்டிலும் கல்மேட்டு ஓட்டு ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. அடுத்த தேர்தலோடு அருமைநாதன் வீட்டுக்குப் போவார், ஆலை வரும்.

துண்டு போட்டது யார் என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதிகாரிகள் கோடு போட்டார்கள். யார் தெரு எங்கே முடிகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. பார்த்துப் பார்த்துக் கத்தரித்தார்கள். அதை எதிர்த்து வழக்குக்கு மேல் வழக்கு வந்ததும் உயர் நீதிமன்றம் ஒரே போடாகப் போட்டது. கோடு போடுகிறவருக்கு இனிமேல் சாதி தெரியவே கூடாது. கெடுக்கவும் பார்க்கக் கூடாது, கொடுக்கவும் பார்க்கக் கூடாது. சாதி தெரியாத மனுஷனுக்கு எங்கே போவது? அதனால் வேலை ஒரு மெஷினுக்குப் போனது. அதற்கு வரைவி என்று பெயர் வைத்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எஸ்தர் கோர்ட்டுக் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வரைவிக்குச் சாதி தெரியாது. சாதியைக் காட்டிக்குடுக்கிற எதையும் அதுகிட்ட நீட்டவும் கூடாது. அப்படிக் காட்டிக்குடுக்கிறதுக்கு நிழல்னு பேரு. ரேஷன் கடையை வச்சு வார்டு பிரிக்கலாம்னா, நமக்குத் தனி ரேஷன் கடை. அது நிழல், வெட்டிட்டாங்க. பள்ளிக்கூடம் நிழல். சுடுகாடு நிழல். பஸ் ஸ்டாப்புகூட நிழல். இந்த ஊர்ல எதைத் தொட்டாலும் சாதி தெரிஞ்சிடுது."

"அப்ப எதை வச்சித்தான் நம்மள பிரிச்சுது?" என்றார் அருமைநாதன்.

எஸ்தர் தன் அத்தையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தண்ணி. இந்த ஊர்ல சாதி தெரியாம கலந்து கெடக்கிறது தண்ணி ஒண்ணுதான்."

அந்தத் தண்ணீர் எப்படிக் கலந்தது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் கல்மேட்டுக்கென்று தனித் தொட்டி, தனி போர்வெல். உப்புத் தண்ணீர். ஊர்த் தொட்டியிலிருந்து எங்களுக்கும் குழாய் போடு என்று இரண்டு வருடம் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தனகோட்டி பிளாஸ்டிக் குடத்தோடு மூன்று தடவை கைதானவள். கடைசியில் ஊர் இறங்கி வந்தது. ஒரே தொட்டியில் இத்தனை வீட்டுக்கு அழுத்தம் போதாது என்று மார்க்கெட்டுத் தொட்டி, பள்ளிக்கூடத்துத் தொட்டி, பஸ் ஸ்டாண்டுத் தொட்டி என்று மூன்றிலிருந்து இழுத்துக் கொடுத்தார்கள். முதல் தண்ணீர் வந்த அன்றைக்குக் கல்மேட்டில் கறிக்குழம்பு வாசனை தெருவைத் தூக்கியது. அந்த மூன்று குழாயும்தான் இப்போது மூன்று வார்டு.

"ஒரே தொட்டியில குடிக்கிறவங்க ஒரே வார்டு. இதுல உள்நோக்கம் எதுவும் இல்லைன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு" என்றாள் எஸ்தர். "ஆனா கடைசியில ஒரு பாரா எழுதியிருக்காரு. மனுதாரர்கள் தாங்கள் ஒரே சமூகம் என்று கருதினால், அது நடுநிலையான தகவலில் வெளிப்படட்டும்னு. தேர்தலுக்கு முன்னாடி மறுகணக்கு ஒண்ணு இருக்கு. தொண்ணூறு நாள் பாப்பாங்க."

"வெளிப்படட்டும்னா இன்னா செய்யணுமாம்?"

"எல்லாரும் ஒரே தொட்டியில குடிக்கணும்."

ஒரே தொட்டி என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. கூடத்தின் ஜன்னலிலிருந்தே அது தெரிந்தது. கல்மேட்டின் பழைய உப்புத் தண்ணீர்த் தொட்டி, காரை பெயர்ந்து, கம்பி தெரிந்துகொண்டு நின்றது.

கல்மேட்டில் கைதூக்கி முடிவெடுத்தால் எடுத்ததுதான். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. மீறினவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். இதுவரை அப்படி ஒரு வீடு இருந்ததும் இல்லை. அன்றைக்கும் கைகள் எழுந்தன. தனகோட்டியின் கையும் எழுந்தது. எழுந்த கையோடு அவள் ஒன்று கேட்டாள்.

"முடியாதவங்க வீட்டுக்கு மட்டும் டவுன் தண்ணி இருக்கட்டும். கைக்குழந்தை, மாசமா இருக்கிறவங்க, வயித்துக்கோளாறு. எண்ணிப் பாத்தா பத்து வீடு தேறும்."

அந்தப் பத்தில் அவள் வீடும் ஒன்று. அவள் புருஷன் கோவர்த்தனுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். உப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேன் தண்ணீர் விற்கக் கூடாதென்று தடை வந்து ஏழு வருடமாகிறது. குழாயை விட்டால் வேறு போக்கில்லை. சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் நானூற்று இரண்டு வீட்டு வாசலிலும் குந்தி, சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வால்வுகளைப் பொருத்தும்போது பக்கத்தில் நின்று கைதட்டியவள். இப்போது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மணிக்கட்டு மட்டும் வலித்தது.

பழைய தொட்டியின் தெருக்குழாயில் அட்டையைக் காட்டிப் பிடித்த உப்புத் தண்ணீரில் டீ திரிந்தது, பருப்பு வேகவில்லை, தலைமுடி நார் நாராக நின்றது. சேலையெல்லாம் விறைத்துக்கொண்டு காய்ந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்கள்.

பதினாறாம் நாள் தெருக்குழாயடியில் ஒரு பேச்சு வந்தது. யார் சொன்னது என்பது முக்கியமில்லை. "வால்வுக்காரி வீட்டுல மட்டும் சக்கரைத் தண்ணி. சாவி அவ கையில, கேக்கவா வேணும்?" அது காற்றில் வந்து கோவர்த்தன் காதில் விழுந்தது. அவர் முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், வாய் கொஞ்சம் நீளம், ரோஷம் அதைவிட நீளம்.

"தனம், நம்ம வீட்டை அடைச்சிடு."

"யாரோ ஒருத்தி பேசினா அதுக்கு நான் அடைக்கணுமா? சும்மா கெட."

"ஊரே உப்புத் தண்ணி குடிக்குது. எனக்கு மட்டும் தனிக் குழாயா? நான் செத்தா நாலு பேரு தூக்க வரணும்டி."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"டாக்டருக்கு இன்னா, அவரு கல்மேட்டுலயா இருக்காரு?"

இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் காலையில் அவரே ஊன்றுகோலோடு வாசலில் குந்தி, கத்தியால் வால்வை நெம்பப் பார்த்தார். தனகோட்டி சாவியை எடுத்து வந்து அடைத்தாள். அதைப் பார்த்ததும் மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "எங்களுதையும் அடைச்சிடுக்கா." கைக்குழந்தைக்காரி ரோசிதாவும் வந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் பத்தும் அடைபட்டன. ஒரு வீடு பாக்கியில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கல்மேட்டில் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, தனகோட்டிக்கும்தான்.

ஆபீசிலிருந்து ஒருநாள் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். கோவர்த்தன் அதை ரோசிதா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாளும் அப்படியே செய்தார். மூன்றாம் நாளிலிருந்து அவள் கொண்டுவரவில்லை.

அறுபத்து மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். கால், முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலேயே உயிர் போனது. தண்ணீரால்தானா என்று டாக்டரைக் கேட்டாள். "அப்படித் திட்டமா சொல்ல முடியாதும்மா, எப்படியும் ஆறு மாசமோ ஒரு வருஷமோதான்" என்றார். தூக்குவதற்கு நாலு பேர் அல்ல, நானூறு வீட்டிலிருந்தும் வந்தார்கள். பதினாறு நாள் லீவு முடிந்து வேலைக்குப் போனாள். வால்வுக் குழிக்குள் இறங்கினாள், திறந்தாள், ஏறினாள். மார்க்கெட்டில் பூக்காரி துக்கம் கேட்டபோது, "ஆமா, போயிட்டாரு" என்று கரண்டு போனதைச் சொல்வதுபோல் சொன்னாள். தனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

தொண்ணூறு நாள் முடிந்தது. புது வரைபடம் வெளியாவதற்கு முந்தின நாள் எல்லை ஆணையத்தில் மனுதாரரைக் கூப்பிட்டிருந்தார்கள். மனுவில் முதல் பெயர் தனகோட்டியுடையது. எஸ்தரோடு அவளும் போனாள். தகவல் பிரிவு அதிகாரி மெய்யப்பன் ஐம்பது வயதுக்காரர், நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. தண்ணிக் கணக்கை எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா?" என்றாள் எஸ்தர்.

"பனப்பேட்டுக்கு இனிமே தண்ணியை வச்சு வார்டு பிரிக்க முடியாது. நிழல் விழுந்துடுச்சு." அவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "நிழல் பாக்கிற மெஷின் தனி. அதுக்குச் சாதி தெரியும். ஆனா அது கோடு போடாது. கோடு போடுறதுக்குச் சாதி தெரியாது. இந்த நிழல் மெஷின் ஒவ்வொரு தகவலையும் சாதியோட பொருத்திப் பாக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுக்கு மேல பொருந்திட்டா அந்தத் தகவலைத் தூக்கிடும். போன தடவை நீங்க மூணு தொட்டியில சிதறி இருந்தீங்க, பொருந்தல. இப்ப அந்தப் பழைய தொட்டியில கல்மேட்டுக்காரங்க மட்டும்தான். கல்மேட்டுக்காரங்க எல்லாருமே அதுலதான். தொட்டியைச் சொன்னா சாதியைச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

"நாங்க ஒண்ணுன்னு காட்டச் சொன்னதே கோர்ட்டுதான சார்?" என்றாள் எஸ்தர். "காட்டியிருக்கோம். உப்புத் தண்ணி குடிச்சுக் காட்டியிருக்கோம்."

"ஒண்ணுன்னு காட்டலாம்மா. சாதியால ஒண்ணுன்னு தெரியக் கூடாது. ரெண்டு தீர்ப்பும் ஒரே கோர்ட்டு குடுத்ததுதான். நான் எதை மீறுறது?"

"தண்ணி இல்லைன்னா வேற எதை வச்சுப் பிரிப்பீங்க?"

"செல்போன் டவர். உங்க பகுதிக்கு நாலு டவர்லருந்து சிக்னல் வருது." அவர் தொண்டையைச் செருமினார். "நாலு வார்டு."

எஸ்தர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இளவயசு, அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. தனகோட்டிக்கு வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"சார், எத்தினி வீடு டவுன் தண்ணியிலயே இருந்திருந்தா நிழல் விழுந்திருக்காது?"

மெய்யப்பன் கணக்குப் போட்டார். ஒருதடவை போட்டு, சரிபார்க்க இன்னொரு தடவையும் போட்டார்.

"நானூத்திப் பன்னெண்டுல ஒன்பது வீடும்மா. ஒன்பது வீடு மட்டும் டவுன் தண்ணியில இருந்திருந்தாப் போதும், தொண்ணூத்தெட்டுக்குக் கீழ எறங்கியிருக்கும். தண்ணிக் கணக்கு நின்னிருக்கும். மீதிப் பேரு ஒரே தொட்டி, ஒரே வார்டு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "என் சர்வீஸ்ல இவ்ளோ ஒத்துமையா ஒரு ஊரை நான் பாத்ததில்லை. எங்கயும் பத்து இருபது வீடாவது ஏமாத்தும். நீங்க ஒரு வீடுகூட விடல."

எஸ்தர் அத்தையின் கையைப் பிடித்தாள். பத்து வீட்டு விஷயம் அவளுக்கும் தெரியும். தனகோட்டி கையை உருவிக்கொண்டு மேசையிலிருந்த டம்ளரை எடுத்துக் குடித்தாள். டவுன் தண்ணீர். இரண்டரை மாதத்துக்கு அப்புறம் நாக்கில் இனித்தது. முழுவதையும் குடித்து டம்ளரைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எஸ்தர் அழுதாள். "அப்பீல் போலாம் அத்தே. இதைவிட வலுவா எழுதுறேன். மாமா செத்ததையும் எழுதுறேன்."

"எழுதுடி" என்றாள் தனகோட்டி. அவள் ஜன்னல் வழியாகப் போகிற தொட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

தேர்தல் நடந்தது. நாலு வார்டிலும் கல்மேட்டு ஓட்டு யாருக்கும் கணக்கில் வரவில்லை, ஓட்டுக் கேட்டுக்கூட ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புது நகர மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே குப்பை ஆலைத் தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. புறம்போக்கில் பந்தல் போட்டு பூமி பூஜை செய்தார்கள். அருமைநாதன் வீட்டிலிருந்து வெளியே வரவேயில்லை.

அதற்கு அடுத்த வாரம் புதிதாக மாற்றலில் வந்திருந்த நகராட்சி உதவிப் பொறியாளர் பிரபாவதி தனகோட்டியைக் கூப்பிட்டாள். கல்மேட்டுக்காரர்கள் தங்கள் இணைப்புகளைத் திரும்பத் திறந்து தரச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். அதன் மேல் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது.

"தனகோட்டி, தொண்ணூறு நாள் தண்ணி எடுக்காத இணைப்போட ஒதுக்கீடு தானா ரத்தாயிடும்னு விதி இருக்கு. உங்க பங்கை ரயிலடிப் பக்கம் வந்திருக்கிற புது மனைப்பிரிவுக்கு மாத்திட்டாங்க. எனக்கே நேத்துதான் தெரியும்."

"சரி மேடம்."

"என்ன சரிங்கறீங்க? சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன்." பிரபாவதிக்குத் தர்மசங்கடமாக இருந்தது. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "என்னால முடிஞ்சது இதுதான். நோயாளிங்க, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு மருத்துவ விலக்கு உண்டு. ஒரு பகுதிக்குப் பத்து வீடு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன், நீங்களே போய்த் திறந்துடலாம். யாரு யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும், எழுதுங்க."

படிவத்தில் பத்துக் கட்டங்கள் இருந்தன. தனகோட்டி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"மேடம், பத்து வீடு டவுன் தண்ணிக்கு வந்துட்டா, நிழல் போயிடுமா?"

"எந்த நிழல்?"

"வார்டு கணக்கு."

"அதெல்லாம் முடிஞ்சு போச்சேம்மா. ஒருதடவை தண்ணியைத் தூக்கிட்டா இனிமே உங்க ஊருக்குத் திரும்ப சேக்கமாட்டாங்க."

தனகோட்டி எழுத ஆரம்பித்தாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அந்த வரிசை அவள் கைக்கே தெரியும். ரோசிதா, குழந்தை. அந்தோணியம்மாள், வயிறு. வேதமுத்து. சிலுவைமேரி. மேலத்தெரு முடிந்து கீழத்தெருவுக்கு வந்தாள். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தாள். இன்னொரு தடவை எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தது.

"ஒரு கட்டம் காலியா இருக்கே" என்றாள் பிரபாவதி. "யாரையாவது போட்டுடுங்க. வீணாப் போகப்போகுது. உங்க வீட்டையே போடுங்களேன், உங்க வீட்டுக்காரருக்குக் கிட்னின்னு யாரோ சொன்னாங்களே?"

தனகோட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உதடு நடுங்கத் தொடங்கியது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"ஒன்பது போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கல்மேட்டுக்கு நடந்தாள்.